உயிர் எடையும் கறி எடையும்

காதுகுத்து விருந்துக்குச் சந்தையில் கிடா வாங்கப் போகிறோம். “உயிர் எடைக்கு விலை”, “ரெண்டு பல் கிடா” என்கிறார்கள். எப்படிக் கணக்குப் பார்ப்பது?
– வாசகர், திண்டுக்கல்

பயப்படாமல் போங்கள், கணக்கு எளிது. ஆட்டை அப்படியே எடை போட்டால் வருவது உயிர் எடை. தலை, கால், தோல், குடல் போக, எலும்போடு தேறும் கறி அதில் 45 முதல் 50 சதவீதம். 25 கிலோ கிடாயில் 11, 12 கிலோ கறி எதிர்பார்க்கலாம். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால், கறி கிலோ 830 முதல் 910 ரூபாய்வரை விழும். தலை, கால், குடல் தனி லாபம்.

வயதுக்குக் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எட்டும் சிறிய பால் பற்கள் என்றால் ஏறத்தாழ ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றேகால் வயது; அதுதான் ரெண்டு பல். நான்கு என்றால் சுமார் இரண்டு வயது. மேல்தாடையில் முன்பல்லே இருக்காது; அது ஆட்டுக்கு இயல்பு.

விருந்துக்குப் பால் பல் அல்லது ரெண்டு பல் கிடாயே நல்லது. கறி சீக்கிரம் வேகும். காயடித்த கிடாயாக இருந்தால் வாடையும் குறைவு. தீனியும் தண்ணீரும் காட்டுவதற்கு முன், காலையிலேயே எடை போட்டு வாங்குங்கள்.