வாடகை வேனா, பழைய வேனா? வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு



தோ பாயோவில் மளிகைக் கடையும் உணவுக் கடையும் நடத்தும் நம்மவர்கள், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கும் தேக்காவுக்கும் சரக்கெடுக்கச் சென்றுவர ஒரு வேன் அவசியமாகிறது. அதை மாத வாடகைக்கு எடுப்பதா, பழையதை விலைக்கு வாங்குவதா என்பதைப் பேனா பிடித்துக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் வண்டி வாங்குகிறவர் அதனுடன் காலத்தையும் சேர்த்து வாங்குகிறார். 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் புதுப்பிக்க மீண்டும் பணம் கட்ட வேண்டும். ஆதலால் பழைய வேனைப் பார்க்கும்போது, சான்றிதழில் எத்தனை மாதம் மீதியிருக்கிறது என்பதையே முதலில் கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலை அல்ல.

48 மாதம் மீதியுள்ள வேனின் விலை 36,000 வெள்ளி. பழைய இரும்பு விலையை விட்டுவிட்டால், தேய்மானம் மாதம் 750 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை, பழுது ஆகியவற்றுக்கு மாதம் 350. ஆக 1,100 வெள்ளி. இவையெல்லாம் அடங்கிய வாடகை 1,400 வெள்ளி என்றால், வாங்கியவருக்கு நான்கு ஆண்டுகளில் 14,400 வெள்ளி மிச்சம்.

ஆனால் ஓராண்டிலேயே கடையை மூட நேர்ந்து, வேனை 24,000 வெள்ளிக்கு விற்றால்? அவ்வாண்டின் தேய்மானம் 12,000, மாதத்திற்கு 1,000. மற்றச் செலவுடன் 1,350 வெள்ளி. மிச்சம் அநேகமாகக் கரைந்துவிட்டது. 36,000 வெள்ளி சரக்கில் புரளாமல் முடங்கியும் கிடந்தது. ஆகவே நிலைத்த வியாபாரமும் கையில் உபரி ரொக்கமும் உள்ளவருக்குப் பழைய வேன் ஏற்றது. புதிதாகக் கடை திறந்தவருக்கு வாடகையே பாதுகாப்பு.

ரொக்கம் இல்லாதவர் தவணைக் கடனை நாடுவதுண்டு. 24,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 3 சதவீதம், நான்கு ஆண்டுத் தவணை என்றால் வட்டி 2,880 வெள்ளி. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. உண்மையான விகிதம் ஏறக்குறைய இரு மடங்கு! விகிதம் எதுவாயினும் வட்டி நமக்கு ஹராம் என்பதை மறக்கலாகாது.

வாடகையோ 'இஜாரா' என்று மார்க்கம் அனுமதித்த வியாபாரம். தொகையும் தவணையும் தெளிவாயிருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் அப்பொருளுக்கு அமானிதக்காரர். அவருடைய கவனக்குறைவின்றி நேர்ந்த சேதம் உரிமையாளரையே சாரும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆகையால் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: விபத்தானால் உங்கள் பங்கு எவ்வளவு? வண்டி பழுதானால் மாற்று வண்டி உண்டா? தவணைக்கு முன் திருப்பினால் அபராதம் என்ன? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282-வது வசனம் கட்டளையிட்டிருப்பது நம் நன்மைக்கே.

வரி விஷயமும் ஒன்றுண்டு. வேனின் செலவை வருமான வரியில் வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். காரின் செலவை, அதில் கடைச் சரக்கே ஏற்றினாலும், கழிக்க இயலாது. வாடகைக் காருக்கும் அதே விதிதான். கௌரவத்திற்குக் கார் வைத்து, அதைக் கடைக் கணக்கில் எழுத நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வண்டி வியாபாரத்தைச் சுமக்க வேண்டும்; வியாபாரம் வண்டியைச் சுமக்கலாகாது. அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.