அகத்தியர் மலையின் மறுபருவம்

சென்ற ஆனி மாதத்தில் வகுப்புத் தோழர் ஒருவர் கரமனையிலுள்ள என் வீட்டுக்கு ஒரு திட்டத்தோடு வந்தார். “தை மாதத்தில் அகத்தியர் கூடத்துக்கு ஊரே திரண்டு போகிறது. நாம் மழையில் போவோம். காவலும் இராது, கூட்டமும் இராது. பனி நாட்டார் கோடையில் ஏறும் மலையிலேயே பனிக்காலத்தில் சறுக்குக் கட்டையோடு ஏறுகிறார்கள். நமக்கு மழை ஒரு தடையா?” என்றார்.

அனுமதியின்றிக் காட்டில் புகுவது குற்றம். அந்த ஒரு விடையே போதும். ஆனால் அவர் கேட்டது காரணம். அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பனி நாட்டார் செய்தி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாஷிங்டன் மலை இருக்கிறது. அதன் உயரம் 6,288 அடி. நம் அகத்தியர் மலை 6,129 அடி. உயரத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் எனலாம். கோடையில் அங்கே நடந்து ஏறுவோர் மிகுதி. பனி மூடியபின் டக்கர்மன் என்னும் பள்ளத்துச் சரிவில் சறுக்குவோர் ஏறுகின்றனர். கட்டையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வர். அதன் மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கட்டை முன்னே வழுக்கும், பின்னே சரியாது. முன்னாளில் அது கடல்நாயின் தோல். இன்று நெய்த பட்டை. மேலே சென்றதும் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவர்.

இதைக் கண்மூடித் துணிவென்று எண்ண வேண்டா. காற்று உச்சிப் பனியை வாரி அப்பள்ளத்தில் கொட்டுகிறது. புதுப்பனி அடியிலுள்ள அடுக்கோடு ஒட்டாதிருந்தால், சரிவு முழுவதும் ஒரு தகடாய்ப் பெயர்ந்து ஆளைப் புதைத்துவிடும். ஆகவே பலரும் அடுக்குகள் இறுகும் பங்குனி, சித்திரை வரை காத்திருக்கின்றனர். அவர்களும் பருவம் பார்த்தே ஏறுகிறார்கள்! என் நண்பர் இந்தப் பகுதியைக் கேள்விப்படவில்லை.

நம் மலைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை அதைத் தொடுகிறது. எஞ்சுவது சில உலர்ந்த மாதங்களே. தை பிறந்ததும் வனத்துறை சீட்டு வழங்குவது அதனால்தான். (2018 உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின், 2019 முதல் மாணவியரும் உச்சிக்குச் செல்கின்றனர்.)

ஒரு தையில் நானும் சென்றேன். போணக்காட்டிலிருந்து காட்டு வழி. முதல் நாள் நடையில் ஓர் ஓடை குறுக்கிட்டது. கல்லில் கால் வைத்துக் கடந்தேன், கணுக்கால்கூட நனையவில்லை. வழிகாட்டியிடம் பெயர் கேட்டேன். “கரமனையாறு” என்றார். திகைத்து நின்றேன். எங்கள் தெருவுக்கு அப்பால் அகன்று ஓடுகிறதே, அதே ஆறு! அதன்பின் வாழைப்பைத்தியாறு, அட்டையாறு. அவையும் அன்று எளியவையே.

ஆபத்து அந்த எளிமையில்தான் இருக்கிறது. மேலே செங்குத்தான பாறைகள். பெருமழை பெய்தால் நீர் நிற்க இடமில்லை. ஓடை சிறு பொழுதில் பெருகும். மூன்று ஓடைகளைக் கடந்து சென்றவனுக்குத் திரும்பும் வழியில் மூன்று கதவுகள் அடைபடும். அதிருமலையில் ஒதுங்கலாம் என்றால், குளிர் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும். திருவனந்தபுரத்தில் 27 பாகை என்றால் உச்சியில் 16. “இதுவா குளிர்?” என்று நண்பர் சிரித்தார். நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால் அந்தப் பதினாறிலும் உடல் நடுங்கி அறிவு தடுமாறும். கயிற்றைப் பற்றி ஏறவேண்டிய வழுக்குப் பாறையில் கை விறைத்தால் என்ன ஆகும்? அட்டைகளையும் யானைகளையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மலையைத் தீர அறிய விரும்பியவர் ஒருவர் உண்டு. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவர் ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியர் மலைமீது ஒரு கூடம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவையும் காற்றின் அழுத்தத்தையும் கீழும் மேலும் அளந்து ஒப்பிடுவது நோக்கம். வாஷிங்டன் மலையுச்சியில் முதன்முதல் பனிக்காலம் முழுதும் தங்கி வானிலை அளந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே. ஆனால் பிரவுனுக்குத் திருவிதாங்கூர் அரசின் பொருள் இருந்தது, பணியாளர் இருந்தனர், தலைக்குமேல் கூரை இருந்தது. நண்பரிடம் இருந்தது ஒரு முதுகுப் பையும் இரண்டு ரொட்டியும்.

அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆடியில் மூன்று நாள் அடைமழை. இருவரும் கரமனைப் பாலத்தில் நின்றோம். பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் அணைகள் தடுத்தும், ஆறு செந்நிறமாய்க் கரையை உரசிப் போயிற்று. வேரோடு ஒரு வாழைமரம் சுழன்று சென்றது.

“நீ கல்லில் கால் வைத்துக் கடந்தது இதையா?” என்றார்.

“இதைத்தான்.”

சற்றுப் பொறுத்து, தை மாதச் சீட்டுக்கு எப்போது எழுதவேண்டும் என்று கேட்டார்.