புளியங்குடி எலுமிச்சையும் கொழும்புப் பங்கும்

கேள்வி: எம்.காம். இறுதியாண்டு படிக்கிறேன். இந்தியா, இலங்கை இரண்டின் பங்குச்சந்தை ஆழத்தை 1990 முதல் ஒப்பிட்டு ஆய்வறிக்கை எழுதுகிறேன். சந்தை மதிப்பை ஜிடிபியால் வகுத்தால் போதும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் 2010இல் கொழும்புச் சந்தை திடீரென்று ஆழமாகி, பிறகு வற்றிப்போனதாகக் காட்டுகிறது. எங்கே பிசகு?
- வாசகி, ராயகிரி

பதில்: கணக்கில் பிசகு இல்லை. ஆனால், அந்த வகுத்தலில் ஆழத்தைவிட விலைதான் அதிகம் தெரியும். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. அந்த ஆண்டே கொழும்புச் சுட்டெண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது; 2010இல் மறுபடி ஏறக்குறைய இரட்டிப்பானது. சந்தை மதிப்பு ஜிடிபியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, 2019இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. நம் நாட்டிலும் இதே கதைதான். 2007 முடிவில் ஜிடிபியைப்போல் ஒன்றரை மடங்கு இருந்த சந்தை மதிப்பு, 2008 முடிவில் ஜிடிபியில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. ஒரே ஆண்டில் சந்தை தூர்ந்துபோகுமா என்ன?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்கு ஒரு காலையில் போய் நில்லுங்கள். வாங்க இருபது பேர் நின்றால், கூடுதலாக ஐம்பது மூடை வந்திறங்கினாலும் விலை அசையாது. இரண்டே பேர் நின்றால், பத்து மூடைக்கே கண்ணெதிரில் விலை சரியும். ஆழம் என்பது அதுதான். பங்கு வாங்கும் செயலியில் ‘மார்க்கெட் டெப்த்’ என்று ஐந்து வரி வருமே, அதுவும் இதைத்தான் சொல்கிறது: எந்த விலைக்கு எத்தனை பங்கு வாங்க ஆள் நிற்கிறது என்று.

இதை ஆண்டுக்கணக்கில் அளக்க நிதியியல் ஆய்வாளர் அமிஹூட் 2002இல் ஒரு எளிய வழி சொன்னார். ஒரு நாளின் விலை மாற்ற விழுக்காட்டை, கூட்டல் கழித்தல் குறி பாராமல், அன்றைய வர்த்தகத் தொகையால் வகுத்து, ஆண்டுச் சராசரி எடுக்க வேண்டும். எண் சிறியதானால் சந்தை ஆழமானது. இரு நாட்டுத் தொகையையும் டாலருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஆழம் ஏன் குறைவு என்று காரணம் தேடும்போது நிறுவன வரலாற்றில் ஏமாறாதீர்கள். பங்குகளைக் கணக்கில் வைக்கும் மைய வைப்பகம் கொழும்பில் 1991இலேயே வந்துவிட்டது. நமக்கு என்எஸ்டிஎல் 1996இல்தான். முந்திக்கொண்டும் கொழும்பு ஆழப்படவில்லை. பெரிய கம்பெனிகளின் பங்கு சில கைகளிலேயே தங்கிவிட, கைமாறுவது கொஞ்சம். தொழிலாளர் சேமிப்பான இபிஎஃப் பணமும் பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரத்துக்கே போகிறது. இங்கே 2015 முதல் இபிஎஃப் பணத்தில் ஒரு பகுதி பங்குச்சந்தைக்கு வருகிறது. 2020இல் நான்கு கோடி அளவில் இருந்த டீமேட் கணக்குகள் 2023இல் பத்துக் கோடியைத் தாண்டின. வாங்க நிற்கும் ஆட்கள் பெருகியது இப்படித்தான்.

2022ஐத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஏப்ரலில் இலங்கை அரசு கடன் தவணை நிறுத்தத்தை அறிவித்த பிறகு கொழும்புச் சந்தை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. விலைவாசியால் ரூபாய்க் கணக்கில் ஜிடிபி ஊதிவிட்டதால், அந்த ஆண்டு வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணையே நம்ப முடியாது.