கொழுந்து எடையும் மென்பொருள் பொறியியல் கல்வியும்

விடியற்காலையில் வெட்டிய பால், வாளியில் சேர்ந்து நிறுவைக்கு வரும்போதுதான் அன்றைய உழைப்பின் அளவு தெரிய வருகிறது. நிறுவையில் பதிவாகும் எண்ணே மாத முடிவில் சம்பளக் கணக்கிலும் இடம்பெறுகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். அங்கே பாலுக்குப் பதில் கொழுந்து. முற்காலத்தில் கிராணியார் அந்த எண்ணைப் பேரேட்டில் எழுதிக் கூட்டினார். இன்றோ மின் தராசும் கணினியும் அவ்வேலையைச் செய்யக்கூடிய காலம் வந்துவிட்டது.

கணினி தானாக எதையும் அறியாது. இன்னதை இன்னவாறு செய் என்று கட்டளைகளை வரிசையாக எழுதி அதற்குக் கொடுக்க வேண்டும். அக்கட்டளைத் தொகுதியையே மென்பொருள் என்கிறோம். அதனைப் பிழையின்றியும் நெடுநாள் உழைக்கும் வண்ணமும் ஆக்கும் துறை மென்பொருள் பொறியியல் ஆகும். பல்கலைக்கழகங்களில் இத்துறை எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, தோட்டப்புறப் பிள்ளைகள் அங்குச் செல்லும் வழி யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

மலையும் தேயிலையும்

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ள கேமரன் மலைக்கு, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயர் வழங்குகிறது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலைச் செடியை நட்டு வளர்த்ததில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்புப் பெரும்பங்கு கொண்டது. இன்று கொழுந்தெடுப்போரில் பலர் அயல்நாட்டினர். கையால் கிள்ளிய காலம் போய், கத்திரியும் பொறியும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திருக்காது. அதனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று வாட்ட வேண்டும். பின்னர் உருட்டி, நிறமேற விட்டு, உலர்த்தி, தரம் பிரிக்க வேண்டும். ஆகவே எந்த மலைச்சரிவிலிருந்து எவ்வளவு கொழுந்து எப்போது வருகிறது என்ற கணக்கு, தொழிலாளியின் கூலிக்கும் தொழிற்சாலையின் வேலைக்கும் ஒருங்கே தேவைப்படுகிறது. இக்கணக்கையே நமது பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பொறியியல் என்று ஏன் பெயர்?

வீட்டு வாசலில் போட ஒரு பலகையை ஒருவர் தாமே செய்துகொள்ளலாம். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டவோ அளவும் திட்டமும் சோதனையும் பலரின் கூட்டு உழைப்பும் வேண்டும். மென்பொருளும் அவ்வாறே. சிறிய கணக்கைச் செய்யும் நிரலை ஒரு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். வங்கி, மருத்துவமனை, விமானம் ஆகியவற்றை இயக்கும் மென்பொருளில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கும். எழுதியவர் போன பின்னும் வேறொருவர் அதனைப் படித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

1960களில் கணினிகள் பெருகியபோது, திட்டமிட்ட காலத்தில் முடியாமலும் செலவு மிகுந்தும் பிழை மலிந்தும் பல மென்பொருள் பணிகள் தடுமாறின. இக்குறைக்கு வழிகாண 1968ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் வல்லுநர்கள் கூடினர். அம்மாநாடு "மென்பொருள் பொறியியல்" என்ற பெயரையே தலைப்பாகக் கொண்டது. பாலம் கட்டுவோரின் ஒழுங்கை மென்பொருளுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

கொழுந்து நிறுக்கும் மென்பொருள்

ஒரு தேயிலைத் தோட்டத்திற்கு எடைக் கணக்கு மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் கற்ற ஒருவர் ஐந்து படிகளில் அதனைச் செய்வார்.

முதற்படி, தேவையறிதல். கணினியின்முன் அமர்வதற்கு முன்னரே அவர் நிறுவை நடக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். சாக்கின் எடையைக் கழிப்பது எவ்வாறு? மழையில் நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு தள்ளுபடி? இருவர் சேர்ந்து பறித்தால் யார் பெயரில் எழுதுவது? மலைச்சரிவில் தொலைபேசி அலை கிடைக்காவிட்டால் கணக்கு எங்கே தங்கும்? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தவர் தொழிலாளியும் கங்காணியுமே ஆவர். அவர்களைக் கேளாமல் எழுதிய மென்பொருள் அழகாக இருக்கலாம், பயன்படாது.

இரண்டாம் படி, வடிவமைத்தல். எடையைப் பெறும் பகுதி, கூலியைக் கணக்கிடும் பகுதி, சீட்டு அச்சிடும் பகுதி என வேலையைப் பிரிக்க வேண்டும். கூலி விகிதத்தை ஒரே இடத்தில் வைத்து, பிற பகுதிகள் யாவும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்ல வடிவமைப்பு. அதே எண்ணை நூறு இடங்களில் எழுதிவைத்தால், விகிதம் மாறும் நாளில் ஓரிடம் விடுபட்டாலும் கணக்குத் தவறாகிவிடும்.

மூன்றாம் படி, நிரல் எழுதுதல். கணினி மொழியில் கட்டளைகளை எழுதுவது இப்படியிலேதான். பலர் இதனையே முழுக் கல்வி என்று எண்ணுகின்றனர். உண்மையில் இது ஐந்தில் ஒன்றே.

நான்காம் படி, சோதித்தல். ஒரு பெண்மணி ஒரு நாளில் மூன்று முறை நிறுத்த கொழுந்து 38.4, 41.7, 35.6 கிலோ எனக் கொள்வோம். சரியான கூட்டுத்தொகை 115.7 கிலோ. மென்பொருள் ஒவ்வொரு நிறுவையிலும் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணை விட்டுவிட்டால் 38, 41, 35 ஆகி 114 கிலோ மட்டுமே வரும். நாளொன்றுக்கு 1.7 கிலோ மறைந்துவிடுகிறது. நாள்தோறும் இவ்வளவே குறைந்தாலும் 26 நாளில் அது 44.2 கிலோ. கணக்கிற்காக ஒரு கிலோவுக்கு 30 காசு என வைத்தால், மாதம் 13 வெள்ளி 26 காசு. நூறு பேருக்கு இவ்வாறே குறைந்தால் 1,326 வெள்ளி. யாரும் திருடவில்லை, தராசும் சரியாகவே நிறுத்தது. ஒரேயொரு கட்டளை தவறாக எழுதப்பட்டது, அவ்வளவே. பேரேட்டில் அடித்துத் திருத்திய தவறு கண்ணுக்குத் தெரியும். கணினிக்குள் நிகழும் தவறோ, எவரேனும் தேடிப் பார்த்தாலொழியத் தெரியாது. அதனைத் தேடும் முறையே சோதனை.

ஐந்தாம் படி, பராமரித்தல். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாக இருந்தது. பலமுறை உயர்ந்து, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. சட்டம் மாறுந்தோறும் சம்பள மென்பொருளும் மாறியாக வேண்டும். பால்மரத்தை ஒரு முறை நட்டால் போதாது. பட்டை காயப்படாமல் பார்த்து வெட்டினால்தான் அது பல ஆண்டு பால் தரும். மென்பொருளுக்கும் அத்தகைய கவனம் தேவை.

ஒரு பெரும் பாடம்

சோதனையின் அருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவுகணை முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறக்குறைய 40 விநாடிகளுக்குள் அது திசைமாறி வெடித்துச் சிதறியது. அதில் ஆட்கள் எவரும் இல்லை. பழைய ஏரியன் 4க்கு எழுதிய மென்பொருளின் ஒரு பகுதியைப் புதியதிலும் அப்படியே பயன்படுத்தியிருந்தனர். புதிய ஏவுகணையின் வேகம் வேறு. 32,767க்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளாத இடத்தில் அதனினும் பெரிய எண் வந்து சேர்ந்தது. சிறிய மங்கில் அளவுக்கு மீறிய பால் வடிந்தால் வழிந்து வீணாவதுபோல், அங்கே கணக்குக் குலைந்தது. பழைய ஏவுகணையில் குற்றமின்றி ஓடிய மென்பொருளைப் புதிய சூழலில் மீண்டும் சோதிக்காததே அவ்விழப்புக்குக் காரணமாயிற்று.

பல்கலைக்கழகத்தில் கற்பன

பகாங் மாநிலத்திலேயே இக்கல்வி கிடைக்கிறது. கம்பாங், பெக்கான் ஆகிய இரு வளாகங்களைக் கொண்ட மலேசியா பகாங் அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம், 2002இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றியது. 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே மென்பொருள் பொறியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட கணினி அறிவியல் பட்டப்படிப்பு உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய படிப்புகள் உண்டு.

பட்டப்படிப்பு மூன்றரை அல்லது நான்கு ஆண்டுகள் நடைபெறும். தொடக்கத்தில் நிரல் எழுதுதல், தருக்கக் கணிதம், தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறை ஆகியவை கற்பிக்கப்படும். பின்னர் மேலே கூறிய ஐந்து படிகளும் தனித்தனிப் பாடங்களாக வரும். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பணியை முடிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சியும் பெற வேண்டும்.

முதுகலைப் படிப்பு இதற்கு மேலானது. பெரிய மென்பொருளின் முழு அமைப்பைத் திட்டமிடுதல், ஒரு நிரல் சரியானது என்பதைக் கணித முறையில் நிறுவுதல், பழைய மென்பொருளை நிறுத்தாமலே புதுப்பித்தல், தவறு நேர்ந்தாலும் உயிர்ச்சேதம் நேராதபடி காத்தல் ஆகியவை அங்கு ஆராயப்படுகின்றன. இன்று கட்டளைகளை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. அவை எழுதியது சரிதானா என்று சோதித்து அதற்குப் பொறுப்பேற்க, கற்ற மனிதர் தேவைப்படுகின்றனர்.

இத்துறை நம்மவருக்குப் புதிதன்று. ஈரோட்டில் 1933இல் பிறந்த பேராசிரியர் வை. இராசாராமன், 1965இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்தியாவின் முதல் கணினி அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்குவதில் முன்னின்றவர். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன், 1985ஆம் ஆண்டிலேயே முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கி, கணினியில் தமிழ் எழுத வழி செய்தார்.

செல்லும் வழி

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆறாம் படிவத்தில் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதுவது ஒரு வழி. மெட்ரிகுலேஷன் கல்லூரி மற்றொரு வழி. போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துப் பின்னர்ப் பட்டப்படிப்பில் சேர்வதும் உண்டு. எவ்வழியாயினும் கணிதத்தில் நல்ல தேர்ச்சி இன்றியமையாதது. கூடுதல் கணிதம் பயின்றிருப்பது பெருந்துணையாகும். மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் படித்துணரும் ஆற்றல் வேண்டும். செலவைக் கண்டு அஞ்சும் பெற்றோர், 1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகமாகிய பி.டி.பி.டி.என். பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிதல் நலம். விண்ணப்பங்களுக்கு உரிய இறுதி நாள் உண்டு என்பதை மறத்தல் கூடாது.

பெற்றோர் தாமே கணினி அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, பிள்ளை அமைதியாகக் கணக்குப் போட இடம் தரலாம். சம்பளச் சீட்டை அவனிடமோ அவளிடமோ கொடுத்து, கூட்டல் சரிதானா என்று பார்க்கச் சொல்லலாம். சோதனை என்னும் பாடத்தின் முதல் வகுப்பு அதுவே.

நிறுவைத் தராசின்முன் நின்ற தாயின் கவலையை அறிந்த பிள்ளை, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை எளிதில் உணர்ந்துகொள்வான். நம் உழைப்பைக் கணக்கிடும் மென்பொருளை எழுதுவோர் வரிசையில் நம் பிள்ளைகளும் இடம்பெற வேண்டும்.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கும் கணக்கைக் கணினியில் ஏற்றுவதானால், அதனை எழுதுபவர் உங்களிடம் கேட்டறிய வேண்டியவை எவை?

2. ஒட்டுப்பால், மழை நாள், பாலின் ரப்பர் சத்து ஆகியவற்றை அம்மென்பொருள் எவ்வாறு கணக்கில் கொள்ள வேண்டும்?

3. கணக்கில் ஐயம் எழுந்தால் தொழிலாளி தாமே சரிபார்க்கும்படி, சீட்டில் என்னென்ன விவரங்கள் அச்சிடப்பட வேண்டும்?