ஓடுபாதையில் சொன்ன சந்தேகம்

அன்புள்ள நிலா,

விமானப் பயிற்சியில் சேர்ந்த உன்னிடம் எல்லோரும் தரையிறங்குவதுதான் கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். நான் கிளம்புவதைப் பற்றி எழுதுகிறேன்.

1982 ஜனவரி 13. வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் கொட்டுகிற பனி. ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 கிளம்பத் தயாராகிறது. சோதனைப் பட்டியலில் எஞ்சின் பனித்தடுப்புக் கருவியின் முறை வந்ததும் கேப்டன் 'ஆஃப்' என்றார். அந்த மதியத்தில் அது 'ஆன்' ஆக இருந்திருக்க வேண்டும். பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களுக்கு இது நேரும்.

இறக்கையில் பனிநீக்கத் திரவம் ஊற்றிய பிறகு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற டிசி-9 விடும் சூடான புகையில் பனி உருகட்டும் என்று அதை ஒட்டிப் போனார்கள். உருகிய நீர் இறக்கை விளிம்பில் மறுபடி உறைந்திருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் கருத்து. இறக்கையில் பனி இருப்பது கேப்டன், துணை விமானி இருவருக்கும் தெரியும். திரும்பிப் போய் மறுபடி திரவம் ஊற்றினால் வரிசையில் இடம் போய்விடும்!

எஞ்சின் முன்புற உணர்குழாயைப் பனி அடைத்ததால் அழுத்த விகித முள் 2.04 காட்டியது. உண்மையில் கிடைத்த உந்துவிசை 1.70க்குரியதுதான். மற்ற முட்கள் பொய் சொல்லவில்லை. ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில் துணை விமானிக்கு அந்த முரண் உறுத்தியது. சரியாக இல்லையே என்று ஒரு தடவையல்ல, பல தடவை சொன்னார். கேப்டன் சரிதான் என்றார். நிறுத்த ஓடுபாதை இன்னும் மிச்சமிருந்தது.

எழும்பிய விமானம் பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த நால்வர் உட்பட 78 பேர் இறந்தார்கள். த்ராட்டிலை முழுக்கத் தள்ளியிருந்தால் கிடைத்திருக்கும் கூடுதல் விசை எஞ்சினிலேயே இருந்தது.

துணை விமானி சொன்னது சந்தேகம். 'நிறுத்துங்கள்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மரியாதை அவரைத் தடுத்ததாகவே நான் நினைக்கிறேன். நம் வீடுகளில் பெரியவரிடம் பேசும் பழக்கமும் அதுதானே. காக்பிட்டுக்குள் அதைக் கொண்டுபோகாதே. எதற்கெல்லாம் நிறுத்துவோம் என்று ஓட்டத்துக்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் பேசிக்கொள். வி-ஒன், அதாவது நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் கடைசி வேகத்துக்கு முன் நிறுத்தினால் பெரும்பாலும் தாமதமும் சூடான பிரேக்கும்தான் மிச்சம். அதைத் தாண்டினால் கணக்கே வேறு.

இரு விமானங்கள் மோதிய 1977 டெனரீஃப் விபத்திலும் எதிர் விமானம் ஓடுபாதையில் இல்லையா என்று ஃபிளைட் எஞ்சினியர் ஒருவர் கேட்டார். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா