நோயியல் படிக்க எந்தக் கல்லூரி?

பாறசாலையில் குடியிருக்கும் நான், நெடுங்காலம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பிளஸ் டூ முடிவு வந்தவுடன் நம் தமிழ்க் குடும்பத்தார் யாராவது வீடு தேடி வருவார்கள். "அண்ணாச்சி, பிள்ளை பிசியாலஜியோ பெத்தாலஜியோ படிக்கணும்னு சொல்லுதா. எந்தக் காலேஜ் நல்லது?"

கல்லூரி இருக்கட்டும், எந்தப் பட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன்.

நலமான உடல் எவ்வாறு இயங்குகிறது என்று கூறுவது உடலியங்கியல். நோய் வந்தால் திசுக்களிலும் இரத்தத்திலும் என்ன மாறுகிறது என்று ஆராய்வது நோயியல். இரண்டும் எம்.பி.பி.எஸ். படிப்பில் பாடங்களே. பயாப்சி அறிக்கையில் கையெழுத்திடும் மருத்துவராக வேண்டுமானால், அதன்பின் மூன்றாண்டு எம்.டி. படிக்க வேண்டும். இதற்கு நீட் தேர்வு உண்டு. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும், நம் நெய்யாற்றின்கரை வட்டத்துக் காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. கல்லூரியும் இப்பக்கம் உள்ளன. (காரக்கோணம் கல்லூரிக்குப் பெயர் தந்த டாக்டர் சாமர்வெல், 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறச் சென்றவர், நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்தவர்.) எல்லைக்கு அப்பால் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இரத்தமும் திசுவும் பரிசோதிக்கும் வேலை போதும் என்பவர்களுக்கு பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டமே ஏற்றது. கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இதுதான்.

1956இல் விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. பேச்சும் உறவும் கோட்டைத் தாண்டும், இடஒதுக்கீடு தாண்டாது. கேரளத்துச் சாதிச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இடமில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள், நேட்டிவிட்டி சான்றிதழ் விதிகளை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருச் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவர், மகளை ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். "வீட்டுக்குப் பக்கம்தானே, சேருங்கள்" என்றேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். பிள்ளை இரண்டாண்டு படித்துச் சான்றிதழும் வாங்கினாள். கேரள பாராமெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோது செல்லாது என்றார்கள். பதிவு இல்லாமல் பி.எஸ்.சி. மூலம் அரசு ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

அதன்பின் யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? கேரளமானால் சுகாதாரப் பல்கலைக்கழகம், தமிழ்நாடானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று பெரும்பாலும் பதில் வரும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். வேலை பார்க்கப்போகும் மாநிலத்துக் கவுன்சில் அதைப் பதிவு செய்யுமா? இதை நிலையத்தாரிடம் கேட்காதீர்கள். கவுன்சிலிடமே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அந்தப் பிள்ளை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மறுபடி விண்ணப்பித்து, இப்போது எம்.எல்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.