ஆணைகள் பலவிதம்!



லேத், மில்லிங் மெஷின் என்றால் நமக்குப் பயம் கிடையாது. ஆனால் ஆபீசிலிருந்து ஓர் ஆங்கிலத் தாள் வந்தால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. சர்க்குலர், மெமோ, ஆர்டினன்ஸ், சம்மன், வாரண்ட்... எல்லாமே 'மேலிடத்து உத்தரவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். அந்த மூட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், வாங்க!

முதலில் நம்ம நோட்டீஸ் போர்டு. நோட்டீஸ் என்பது அறிவிப்பு. ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்துகிறது. சர்க்குலர் என்பது சுற்றறிக்கை. ஒரே செய்தி பலருக்கும் போகிறது. ஆர்டர் என்பது ஆணை. அதிகாரம் உள்ளவர் போட்டது, செய்தே ஆகணும்.

மெமோ? ஆங்கிலத்தில் அது வெறும் அலுவலகக் குறிப்புதான். ஆனால் நம்ம ஊரில் 'மெமோ கொடுத்துட்டாங்க' என்றால் விளக்கம் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். அதிலே 'ஷோ காஸ்' என்று இருந்தால், 'உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? காரணம் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். இது தண்டனை இல்லை. நம் பக்கத்தைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு. பயந்துபோய் பையில் மடித்து வைத்தால் வாய்ப்பு போச்சு! குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நாளை வேலையில் சேரப்போகும் நமக்கு இது முக்கியம்.

அடுத்து ஆக்ட், ரூல், ஆர்டினன்ஸ். ஆக்ட் என்பது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றும் சட்டம். அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தின்படி அரசு வகுப்பது ரூல். நம்ம பைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது, அதன்கீழ் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தன.

சபை கூடாத நேரத்தில் அவசரம் என்றால் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிப்பது ஆர்டினன்ஸ், அதாவது அவசரச் சட்டம். சபை மீண்டும் கூடியபின் 6 வாரத்துக்குள் அதைச் சட்டமாக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரி 21-இல் வந்தது ஆர்டினன்ஸ். 23-ஆம் தேதியே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

இங்கே ஒரு எச்சரிக்கை! திருச்சியில் துப்பாக்கி செய்யும் இடம் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி. ஸ்பெல்லிங்கில் ஆர்டினன்ஸுக்கு நடுவில் ஓர் 'ஐ' உண்டு, ஆர்ட்னன்ஸுக்குக் கிடையாது. முன்னது சட்டம், பின்னது படைக்கலம். அப்ரண்டிஸ் விண்ணப்பம் எழுதும்போது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாகக் கோர்ட் சொற்கள். இவற்றை நினைவில் வைக்க நம் தமிழே கைகொடுக்கிறது. 'ஆணை'க்கு முன்னால் என்ன நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். சம்மன் என்பது அழைப்பாணை, வரச்சொல்லி அழைக்கிறது. சாட்சி சொல்லப்போகிறவருக்கும் அது வரும். வந்தவரெல்லாம் குற்றவாளி இல்லை. கைது வாரண்ட் என்பது பிடியாணை, பிடித்து வரச்சொல்கிறது. அதில் நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கணும். ரிட் என்பது பேராணை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிறப்பிப்பது. அதில் ஒரு வகையான 'மாண்டமஸ்', கடமையைச் செய்யாத அதிகாரிக்கே கட்டளை போடுகிறது! லத்தீனில் அதற்கு 'நாங்கள் கட்டளையிடுகிறோம்' என்று அர்த்தம்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் இல்லை, நண்பர்களே. 'வாரண்ட் இருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்' என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930-க்குப் போன் பண்ணணும். இதை இன்றைக்கே வீட்டில் அப்பா, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

எந்தத் தாள் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் அனுப்பியது? எந்த அதிகாரத்தில்? எந்தத் தேதிக்குள் நான் என்ன செய்யணும்? பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வெளியே செல்லும் இறுதியாண்டு நண்பர்கள் அனைவருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் சீக்கிரம் வர வாழ்த்துகிறேன்!